மேட்டூர் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? சுற்றுச்சூழல் கள ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

ஆலை, சாலை, மணல் குவாரி என்று எது வந்தாலும், அனுமதிக்கு முன்னால் நாலு பேர் கருவிப் பெட்டியோடு ஊருக்குள் வருகிறார்கள். அவர்கள் எதை எடுக்கிறார்கள், எப்படி எடுக்க வேண்டும், எங்கே தவறு நடக்கும்? டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து 4 கி.மீ. தள்ளி ஒரு தொழிற்சாலை வரப்போகிறதாம். மார்ச் முதல் மே வரை காற்று, தண்ணீர், மண் எல்லாம் எடுத்துப் போனார்கள். மூன்றே மாதத்தில் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியுமா? சட்டப்படி இது சரியா?
– விவசாயி, மன்னார்குடி

சட்டப்படி சரி. 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இ.ஐ.ஏ.) அறிவிக்கையின் கீழ் வரும் பெரும்பாலான ஆலைகளுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும். திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ. ஆரம் ஆய்வுப் பகுதி. கணக்குப் போட்டால் 314 சதுர கி.மீ. வருகிறது. அதற்குள் எட்டுப் பத்து இடத்தில் காற்று, அதே அளவுக்குக் கிணறு, மண்.

ஊரைத் தெரிந்துகொள்ள அது போதுமா என்றால், டெல்டாவில் போதாது. 'மழைக்காலம் தவிர்த்து' என்னும்போது தில்லிக்காரர் மனத்தில் இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவம். நமக்கு மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அகில இந்திய அச்சில் வார்த்த அறிக்கையில் அதற்குப் பெயர் 'மழைக்குப் பிந்தைய பருவம்'. அந்த மூன்று மாதத்தில் காற்று மாதிரி எடுத்தால் தூசி கழுவிவிட்டது போல இருக்கும். எண்கள் அழகாக வரும்.

உங்கள் ஊரில் எடுத்த மார்ச்–மே, தூசிக்குச் சரியான காலம். தண்ணீருக்கு அப்படியில்லை. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. ஏப்ரலில் பாமணியாற்றில் போய் 'ஆற்று நீர் மாதிரி' எடுத்தேன் என்றால், மதகடியில் தேங்கிக் கிடந்த குட்டையில் எடுத்திருப்பார்கள். அதில் கரைந்த உயிர்வாயு குறைவாகவும் உப்பு கூடுதலாகவும்தான் இருக்கும். அதை அடிப்படை நிலையாக எழுதி வைத்துவிட்டால், நாளை ஆலைக் கழிவு கலந்தாலும் 'முன்பே இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல வழி பிறந்துவிடும்.

சட்டம் கேட்கும் ஒரு பருவத்தோடு, தண்ணீரை மட்டுமாவது மூன்று முறை எடுக்கச் சொல்லலாம். ஆறு வறண்ட ஏப்ரல்–மே ஒன்று, வாய்க்காலில் முறைத்தண்ணீர் ஓடும் ஆகஸ்ட்–செப்டம்பர் ஒன்று, வயலெல்லாம் நிறைந்து வடிகால் ஓடும் டிசம்பர்–ஜனவரி ஒன்று. மேலுரம் போட்ட பத்து நாளுக்குள் எடுத்த கிணற்று நீரில் நைட்ரேட் வேறு மாதிரி இருக்கும் என்பதால், எடுத்த தேதியோடு பக்கத்து வயலின் பயிர் நிலையையும் குறிக்கச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை. பெரும்பாலும் சோம்பல்தான் காரணம்.

கேள்வி: காற்று சோதிக்க வேண்டும் என்று எங்கள் மாடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் இரைச்சலாக ஓடுகிறது. அது என்ன செய்கிறது? நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?
– இல்லத்தரசி, குடவாசல்

அது தூசி உறிஞ்சும் கருவி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.1 கன மீட்டர் காற்றை இழுத்து, கண்ணாடி இழைத் தாள் வழியே விடுகிறது. தாளை முன்னும் பின்னும் நிறுத்து, கூடிய எடையை இழுத்த காற்றின் அளவால் வகுத்தால் பி.எம். 10 தூசி கிடைக்கும். 24 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். பி.எம். 2.5 என்னும் நுண்தூசிக்குத் தனிக் கருவி. அதன் வரம்பு 60. வாரம் இரண்டு நாள், 12 வாரம், ஆக ஓர் இடத்துக்கு 24 நாள் தரவு.

நீங்கள் கவனிக்க வேண்டியது கரண்ட். கருவி 24 மணி நேரமும் ஓடினால் சுமார் 1,584 கன மீட்டர் காற்று இழுத்திருக்கும். தாளில் 0.0792 கிராம் தூசி என்றால் கணக்கு 50 மைக்ரோகிராம். நடுவில் 4 மணி நேரம் கரண்ட் போயிருந்தால் இழுத்தது 1,320 கன மீட்டர்தான். அதே தூசிக்கு உண்மையான அளவு 60. கருவியில் உள்ள நேரமானியைப் பார்க்காமல் '24 மணி' என்றே எழுதுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் வரும்போதும் மணியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஓட்டம் 16 மணி நேரத்துக்குக் கீழே போனால் அந்த நாள் கணக்கில் சேரக் கூடாது. ஜெனரேட்டர் போட்டு ஓட்டினால் அதன் புகையையே கருவி குடிக்கும்; ஒயரை நீளமாக இழுத்து, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் ஜெனரேட்டரை வைக்க வேண்டும்.

பெட்டி தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் நல்லது. பக்கத்தில் வேப்பமரமோ தண்ணீர்த் தொட்டியோ காற்றை மறைக்கக் கூடாது. உங்கள் அடுப்படிப் புகைபோக்கியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே களத்தில் நெல் தூற்றும் நாளும், அறுவடை இயந்திரம் தெருவோடு போகும் நாளும், போகியும் கண்டிப்பாகக் குறிப்பில் ஏற வேண்டும். அந்த நாளின் எண்ணை நீக்க வேண்டியதில்லை, காரணம் தெரிந்தால் போதும்.

மார்கழிப் பனியில் இன்னொரு கோளாறு. தாள் ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் 24 மணி நேரம் வைத்த பிறகே நிறுக்க வேண்டும், முன்னும் அப்படி, பின்னும் அப்படி. கருவியின் பக்கவாட்டில் உள்ள சின்னக் குப்பிகள் கந்தக, நைட்ரஜன் வாயுக்களைப் பிடிப்பவை. அவற்றில் உள்ளது விஷத்தன்மையுள்ள கரைசல், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வெயிலில் விட்டால் கரைசல் கெடும். ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும்.

கரண்ட் பில்? கருவி வந்த அன்றே ஈ.பி. மீட்டர் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை முடித்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலை. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற வரைபடமும் நானே தயாரிக்க வேண்டும். களத்தில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்ல முடியுமா?
– மாணவி, திருவாரூர்

முதலில் மாதிரி. போர் குழாய்க்குள் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் நிலத்தடி நீர் ஆகாது. குழாயில் உள்ளதைப் போல மூன்று மடங்கு வெளியேற்றிய பிறகு எடுங்கள். 6 அங்குல போரில் 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 365 லிட்டர். மூன்று மடங்கு 1,100 லிட்டர். நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் ஐந்தாறு நிமிடம். ஆழம் தெரியாத இடத்தில் மின்கடத்துத்திறன் மீட்டரைப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று முறை எண் மாறாமல் நின்றால் எடுக்கலாம். காலையில் கிளம்பும்போதே 1,413 மைக்ரோசீமென்ஸ் நிலைக்கரைசலில் மீட்டரைச் சரிபார்த்துவிடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய அடி பம்பில் முதல் இருபது முப்பது முறை அடிக்கும்வரை தண்ணீர் இரும்புத் துருவோடு வரும். அதைப் பிடித்துப் போய் 'இரும்புச்சத்து அதிகம்' என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம்.

உலோகங்களுக்குத் தனிப் புட்டி, பி.எச். 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம். கிருமிச் சோதனைக்கு நுண்ணுயிர் நீக்கிய புட்டி. மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, கழுவவும் கூடாது. எல்லாம் 4 டிகிரி குளிரில் போக வேண்டும். கிருமிப் புட்டி அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும் என்பதால், திருவாரூரில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு மாதிரி எடுங்கள். ஆற்று நீரில் கரைந்த உயிர்வாயுவை, அளவு மாறிவிடாதபடி கரையிலேயே கட்டிவிட வேண்டும். 300 மி.லி. புட்டியைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு இரண்டையும் அடியில் இறக்கி விட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் உயிர்வாயு இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஆய்வகத்துக்குப் போகும் முன்பே பாதி விடை உங்கள் கையில்.

இனி ஓட்டத் திசை. டெல்டாவில் அதிகம் சறுக்குவது இதில்தான். மூன்று கிணறுகளில் நீர்மட்டம் அளந்து, கடல்மட்டக் கணக்குக்கு மாற்றி, கோடு போடுவது வழக்கமான முறை. நம் நிலமோ தட்டை. கிணற்றுக்குக் கிணறு நீர்மட்ட வித்தியாசம் அரை மீட்டர்கூட இல்லாத இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து டேப்பை விட்டு, சுவரின் 75 செ.மீ. உயரத்தைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? கிழக்கே ஓடும் நீர் வரைபடத்தில் மேற்கே ஓடும். கைக்கடக்கமான ஜி.பி.எஸ். காட்டும் தரை உயரத்தை நம்பினாலும் இதே கதைதான். உயரத்தில் அதன் பிழை பல மீட்டர். ஆட்டோ லெவலோ டி.ஜி.பி.எஸ்ஸோ வைத்து அளவுப்புள்ளியின் உயரத்தை எடுங்கள். சுவரில் எந்த இடத்திலிருந்து அளந்தீர்களோ அங்கே பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் அதே கோடு.

பக்கத்து போர் ஓடிக்கொண்டிருந்தால் அளவு செல்லாது. மோட்டாரை நிறுத்தி, மட்டம் நிலைத்த பிறகு அளக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தை ஊரில் கேட்டு, அது வருவதற்கு முன்பே மூன்று கிணறுகளையும் ஒரே காலையில் முடித்துவிடுவது நல்லது. ஒன்றை மேட்டூர் திறக்கும் முன்பும் இன்னொன்றைத் திறந்த பின்பும் அளந்து ஒரே வரைபடத்தில் போடுவது வரைபடமே ஆகாது.

கேள்வி: புழுங்கல் அரிசி ஆலை வைக்கப் போகிறேன். இந்த இ.ஐ.ஏ. எல்லாம் எனக்கும் உண்டா?
– பாபநாசம்

அரிசி ஆலை 2006 அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை போதும். கட்டும் முன் ஒன்று, ஓட்டும் முன் ஒன்று. 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது தாமிர, துத்தநாக, அலுமினிய உருக்காலைகள், எஃகு ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய்–எரிவாயு எடுத்தல் போன்றவற்றை. அந்தப் பட்டியலிலும் நீங்கள் இல்லை.

ஆனால் உங்களுக்கென்று ஒரு சின்ன ஆய்வு செய்துகொள்வது நல்லது. நெல் ஊறிய தண்ணீரை வாய்க்காலில் விட முடியாது. நிலத்தில் பாய்ச்சுவதென்றால்கூட பி.ஓ.டி. (கழிவை மக்கவைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் உயிர்வாயு) லிட்டருக்கு 100 மி.கி-க்குள், நீர்நிலையில் விட 30-க்குள் இருக்க வேண்டும். ஆலை தொடங்கும் முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகள் நாலைந்தைச் சோதித்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்களுக்கும் அது சாட்சி, ஊருக்கும் சாட்சி. உமிச் சாம்பல் எந்தப் பக்கம் பறக்கும் என்பதை ஆடிக் காற்றிலும் பாருங்கள், கார்த்திகை வாடையிலும் பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசை.

கேள்வி: முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாற்றங்கரையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். தங்கும் விடுதி கட்ட நினைக்கிறோம். கடல் பல கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனாலும் 'சி.ஆர்.இசட். வரும்' என்கிறார்கள். எப்படி?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கடற்கரையோடு நிற்பதில்லை. ஓதம் ஏறும் ஆற்றின் கரைகளிலும் உள்ளே வரும். எதுவரை என்பதற்கு அளவுகோல் உப்பு. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை ஏறுகிறதோ அதுவரை. 2019 அறிவிக்கையின்படி வரைபடம் அங்கீகாரமான இடங்களில் கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. அங்கீகாரம் வரும்வரை 2011 விதியின் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. அலையாத்திக் காடு இருந்தால் விதி இன்னும் இறுக்கம்: 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி.

எங்கே அளப்பது என்பதைவிட எப்போது அளப்பது என்பதுதான் இங்கேயும் கேள்வி. நவம்பரில் கோரையாற்றில் அளந்தால் முகத்துவாரம்வரை நல்ல தண்ணீர். மே மாதம், கோடை மழை பெய்யாத ஒரு வாரம் கழித்து, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஏற்றத்தில் அளக்க வேண்டும். உப்புநீர் கனமானது, அடியில் ஆப்பு போல உள்ளே நுழையும். மேலே ஒன்று, அடியிலிருந்து அரை மீட்டர் மேலே ஒன்று என்று இரண்டு அளவு எடுங்கள். மீட்டரில் சுமார் 9 மில்லிசீமென்ஸ் காட்டினால் 5 பங்கு உப்பு என்று கொள்ளலாம். கடைமடை ரெகுலேட்டர் ஷட்டர் கசிந்தால் கணக்கு மாறும் என்பதால் அதன் நிலையையும் எழுதுங்கள்.

இது உங்கள் புரிதலுக்குத்தான். எல்லையைக் குறித்துக் கொடுக்கும் தகுதி மைய அரசு அங்கீகரித்த அமைப்புகளுக்கு மட்டுமே உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையமும், தொலையுணர்வு நிறுவனமும் அப்படிப்பட்டவை. 1:4,000 அளவு வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பொருத்திக் கொடுப்பார்கள். அட்வான்ஸ் கொடுத்து செங்கல் இறக்கிய பிறகு போகாதீர்கள்.

கேள்வி: புறவழிச்சாலை சர்வே முடிந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் வயலுக்குக் குறுக்கே மண் மேடு வந்தால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? கேட்டால் 'கல்வெர்ட் வைப்போம்' என்ற ஒரே பதில். இதையெல்லாம் ஆய்வில் பார்க்க மாட்டார்களா?
– விவசாயிகள் சிலர், நாகை மாவட்டம்

பார்க்க வேண்டும். புதிய தேசிய நெடுஞ்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. இருக்கிற சாலையை அகலப்படுத்துவதென்றால் 100 கி.மீ-க்கு மேல் நீளமும், கூடுதலாக எடுக்கும் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழியில் 60 மீட்டரையும் தாண்டுவதும் இருந்தால்தான் அந்த விதி வரும். அதற்குக் கீழே திட்ட அறிக்கைக்கான நீரியல் ஆய்வு மட்டும்.

இங்கே தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே வடிகிறது. வடக்குத் தெற்காகச் சாலை போட்டால் அது ஒரு நீண்ட கரை. கோடையில் சர்வே எடுப்பவருக்குக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும் டி வாய்க்கால் (கிளையின் கிளையாகப் பிரியும் சின்ன வாய்க்கால்) ஒரு புதர். வரைபடத்தில் ஏறாது. எந்தக் குழி பாசனம், எந்தக் குழி வடிகால், எது இரண்டும் என்று ஊர்க்காரர் கூடவே நடந்து காட்டினால்தான் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து வாய்க்கால் பெயர், சர்வே எண், அகலம், எந்த ஊர் நிலம் வடிகிறது என்று ஒரு பட்டியல் போட்டு எழுத்தில் கொடுங்கள்.

கல்வெர்ட் வைப்பது பெரிதில்லை. எந்த மட்டத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்துக்கு 30 செ.மீ. மேலே நின்றால், அந்த 30 செ.மீ. தண்ணீர் வயலை விட்டுப் போகாது. நட்டு இருபது நாளான சம்பா ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அழுகிவிடும். வாய்க்கால் தூர்ந்திருக்கும்போது அளந்த மண்மட்டத்தை அடிமட்டம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. தூர்வாரிய பிறகு குழாய் அந்தரத்தில் நிற்கும். பொதுப்பணித்துறையின் பழைய வடிவமைப்பு மட்டத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வெள்ள மட்டத்துக்கு 2008 நவம்பர் நிஷா புயல் மழை நல்ல அளவுகோல். கோயில் சுவர், பள்ளிக்கூடப் படி, மாட்டுக்கொட்டகைத் தூண் எதிலாவது 'இதுவரை வந்தது' என்று காட்ட ஆள் இருப்பார்கள். ஊருக்கு மூன்று இடமாவது லெவல் எடுத்து ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவரின் நினைவு தவறு.

மேட்டுக்கான மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். சாலை போன்ற நீள்திட்டங்களுக்கு மண் எடுக்க அனுமதி வேண்டாம் என்று 2020-இல் கொடுத்த விலக்கை, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கேள்வி: ஒரு ஆய்வறிக்கையில் 'முக்கியப் பறவைகள் ஏதுமில்லை' என்று படித்தேன். எங்கள் வயலில் தினமும் நூற்றுக்கணக்கில் இறங்குகின்றன. யார் பொய் சொல்கிறார்கள்?
– ஆசிரியர், வடுவூர்

பொய் என்று சொல்ல வேண்டாம். மே மாத நண்பகலில் வந்திருப்பார்கள். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) ஏறியவை, கோடியக்கரை 2002-இலேயே. இவற்றின் பறவைகள் ஏரியில் தங்கி, இரை தேடுவது சுற்றியுள்ள நெல்வயலில். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஓர் இடத்தில் 10–15 நிமிடம் அசையாமல் நின்று எண்ண வேண்டும். பனிமூட்டம் இருந்தால் விலகும்வரை காத்திருக்க வேண்டும். மாலையில் அடையும் மரத்தடியில் இன்னொரு எண்ணிக்கை. உழவு ஓடும் வயலில் மடையானும் கொக்கும் குவிந்துவிடும், அதை மட்டும் எண்ணினாலும் தவறு. மேய்ச்சல் வாத்தைக் காட்டு வாத்தாக எண்ணியவர்களும் இருக்கிறார்கள்!

செடிகொடிக்கு மரம் 10×10 மீட்டர், புதர் 5×5, பூண்டு 1×1 என்று சதுரம் போட்டு எண்ணுவது வழக்கம். ஆற்றங்கரைப் படுகை, வரப்பு, தென்னந்தோப்பு, புறம்போக்கு என்று நிலவகைக்கு நிலவகை சதுரம் விழுந்திருக்கிறதா பாருங்கள். வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பர் கஜா புயலுக்கு முந்தைய மரப் பட்டியலை இன்னும் நகலெடுத்துப் போட்டால் கண்டுபிடிப்பது சுலபம். இல்லாத தோப்பு அறிக்கையில் காய்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: கொள்ளிடத்தில் மணல் 'மீண்டும் நிரம்பிவிடும்' என்கிறார்கள். அளந்துதான் சொல்கிறார்களா?
– லால்குடி

அளந்தே சொல்ல வேண்டும். மறுநிரப்பு ஆய்வு இல்லாத மாவட்ட ஆய்வறிக்கையை வைத்து அனுமதி தரக் கூடாது என்று 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தண்ணீர் வருமுன் ஆற்றின் குறுக்கே லெவல் எடுத்து, வடிந்த பின் அதே கோட்டில் மறுபடி எடுப்பதுதான் முறை. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஏறியிருந்தால் 3,000 கன மீட்டர் வந்து சேர்ந்தது என்று கணக்கு. நமக்கு 'முன்' என்பது மே கடைசி, 'பின்' என்பது பிப்ரவரி. கொள்ளிடம் வெள்ள உபரியை வாங்கும் ஆறு. வெள்ளம் வராத ஆண்டில் நிரம்பாது. வந்த ஓர் ஆண்டின் கணக்கை ஐந்தால் பெருக்கக் கூடாது. 1934-இல் கட்டி முடித்ததிலிருந்து மேட்டூர் தன் பங்கு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அளவும் ஒரே நிலைக்குறியிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். குறி மணலில் அடித்த முளையாக இருந்தால் அடுத்த வெள்ளத்தில் அதுவும் போயிருக்கும். பாலத்தின் தூணிலோ கரையில் புதைத்த கான்கிரீட் கல்லிலோ இருக்க வேண்டும்.

கேள்வி: 400 பக்க அறிக்கை கையில் கிடைத்தது. எண்கள் உண்மையா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிச் சரிபார்ப்பது?
– கல்லூரி மாணவர்கள், கும்பகோணம்

கால்குலேட்டர் போதும். நீர் அட்டவணையை எடுங்கள். கால்சியத்தை 2.5 ஆலும் மக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வர வேண்டும். கால்சியம் 80, மக்னீசியம் 36 என்றால் சுமார் 348. அறிக்கை 210 என்றால் அந்த மூன்று எண்களில் ஒன்று பொய். கரைந்த உப்பின் மொத்த அளவு, மின்கடத்துத்திறனில் 0.55 முதல் 0.75 மடங்குக்குள் பெரும்பாலும் அடங்கும். 1,800-க்கு 600 என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். பி.எம். 2.5 எந்த நாளிலும் பி.எம். 10-ஐத் தாண்டாது.

அடுத்து, எண்களின் நடத்தை. 24 நாளும் கந்தக டையாக்ஸைடு 8.1, 8.3, 8.2 என்றே நிற்பது, மழை பெய்த நாளிலும் தூசி அசையாமல் இருப்பது, எட்டு ஊருக்கும் ஒரே இரவு இரைச்சல்: இவை ஆய்வகத்தில் அல்ல, மேஜையில் பிறந்த எண்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். சம்பா வயலோரம் தவளைச் சத்தமே அதைத் தாண்டும் என்பதால், நவம்பரில் எடுத்ததாகச் சொல்லும் வயலோர எண் 38 என்றால் யாரும் போகவில்லை என்று அர்த்தம்.

மாதிரி எடுத்த இடத்தின் அட்ச, தீர்க்க ரேகைகளைச் செல்பேசி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 'கிணறு 4' வெண்ணாற்றின் நடுவில் விழலாம். ஆய்வகத்துக்கு அந்தச் சோதனைகளுக்கான அங்கீகாரம் உண்டா, தரவு எடுத்து மூன்று ஆண்டு தாண்டிவிட்டதா என்பவற்றையும் பாருங்கள். தாண்டியிருந்தால் அனுமதி விண்ணப்பத்துக்கு அது பழசு.

கேள்வி: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச இரண்டு நிமிடம்தான் தருவார்கள். எதைக் கேட்பது?
– சீர்காழி

பேச்சைவிட எழுத்து முக்கியம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் இருக்கும். படித்து, பக்க எண்ணோடு ஆட்சேபத்தை எழுதி, கூட்டத்துக்கு முன்பே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் கூட்டத்தில் கேட்டதற்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் தந்தாக வேண்டும். மேடையில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்த ஆற்று நீர் மாதிரி எடுத்த அன்று மேட்டூர் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?' தேதி பக்கத்திலேயே இருக்கும், தேடிச் சொல்லட்டும்.